கரம் பந்து: நடுவிரல் கொஞ்சம் வழிக்கு வருகிறது

கரம் பந்து என்பது கிரிக்கெட்டில் மடித்த நடுவிரலால் சுண்டிச் சுழற்றும் பந்து. அதைப் பழகும் மூன்றாவது கிழமைக் கணக்கு: 36 பந்தில் 14, தரையில் சாம்பலால் போட்ட இரு கோட்டுக்குள் விழுந்தன. முதற்கிழமை 4 தான். வலக்கைத் துடுப்பாட்டக்காரருக்கு லெக் (கால்) பக்கமிருந்து எதிரேயுள்ள ஓஃப் பக்கமாக விலகவும் தொடங்கியிருக்கிறது. பெரிய சந்தோசம்!

பிடி எல்லோருக்கும் தெரிந்ததுதான்: பெருவிரலுக்கும் மடித்த நடுவிரலுக்கும் இடையில். தலையிடி முழுவதும் நடுவிரலில். கரம் போர்ட்டில் காயைச் சுண்டுகிற பழக்கம் இங்கே உதவாது, கெடுக்கும். காயை நடுவில் தட்டுவோம், அது நேரே ஓடும். பந்தையும் அப்படி நடுவில் தள்ளினால் சுழலாமல் முன்னே போய் விழும். மடித்த விரல் நிமிரும்போது பந்தின் ஒரு பக்கத்தை மட்டும் உரசித் தள்ள வேண்டும். பெருவிரல் மற்றப் பக்கம் அணைப்பாக நின்று, அதே கணத்தில் விட்டுவிட வேண்டும். அது பிந்தினால் பந்து குட்டையாகக் குத்தும், முந்தினால் புல் டொஸ், அதாவது தரையில் குத்தாமலே போகும். மோதிரவிரல் கீழே தாங்கினால் போதும். அது இறுக்கினால் சுழற்சி செத்துவிடும்.

பழைய பந்தொன்றின் தையலுக்கு ஒரு பக்கம் முழுவதும் வெள்ளை நகப்பூச்சு பூசுங்கள். நின்ற இடத்திலேயே ஒரு மீற்றர் உயரத்துக்குச் சுண்டிப் பாருங்கள். இரு நிறத்துக்கும் நடுவில் கோடு அசையாமல் தெரிந்தால் தையல் நிமிர்ந்து சுழல்கிறது. கலங்கித் தெரிந்தால் பெருவிரல் கோணலாக விடுகிறது. இது சரிவராமல் 22 யார் நீளப் பிச்சில் போடப் போவது வீண். ஒரு நாளைக்கு 36 பந்துக்கு மேலும் வேண்டாம், நடுவிரல் மூட்டு வீங்கும். விரலில் வலு போதாதபோது முழங்கை தானாக நிமிர்ந்து உதவ வரும். ஐசிசி (சர்வதேச கிரிக்கெட் சபை) விடுவது 15 பாகைதான், ஆகவே பக்கவாட்டில் போனை வைத்துப் படம் பிடித்துப் பாருங்கள்.

2008 ஆசியக் கிண்ண இறுதியில் இலங்கைச் சுழல் பந்துவீச்சாளர் அஜந்த மெண்டிஸ் 13 ஓட்டத்துக்கு 6 விக்கெட் எடுத்தபோது பந்தை மேலே தூக்கிப் போட்டுக்கொண்டிருக்கவில்லை. வேகமாக, ஸ்டம்பை நோக்கி. எங்கள் தும்பு மற்றிங்கிலும் (பிச்சில் விரிக்கும் தென்னந்தும்புப் பாய்) அதுவே வழி, ஏனென்றால் இங்கே பந்து ஏற்கனவே எழும்பும். சாம்பல் கோடுகளைத் துடுப்பாட்டக்காரரின் ஸ்டம்பிலிருந்து 3 மீற்றரிலும் 4 மீற்றரிலும் போடுங்கள். மற்றிங்கை நான்கு பக்கமும் இழுத்து முளை அடியுங்கள். இளகிக் கிடந்தால் பாயே பந்தைப் பிடித்துத் திருப்பும். அது விரலின் திறமை என்று நம்பிவிட்டால், மற்றத் திடலில் ஒன்றும் திரும்பாது. கிளிநொச்சிப் பக்கம் கிரவல் தரையில் விரித்த மற்றிங் என்றால் அடியில் கல் பொறுக்குவதும் முக்கியம்.

சோளகக் காற்று இன்னும் ஓயவில்லை. காற்றுக்கு எதிர்முனையிலிருந்து போட்டுப் பழகுவது நல்லது, பந்து தொங்கி விழும்.

பந்து வாங்கும்போது தையலை நகத்தால் வருடிப் பாருங்கள். மலிவுப் பந்துகளில் பத்து ஓவருக்குள் தையல் படிந்துவிடுகிறது, பிறகு விரலுக்குப் பிடிமானமே இல்லை. வவுனியாவுக்குப் போகிறவர்களிடம் சொல்லி ஒரு டசினாக எடுப்பதே இலாபம்.

மாரி முடிய ஒரு களிமண் பிச் போட்டுப் பார்க்க ஆசை. மன்னார் முருங்கன் பக்கத்துக் கரும் களி ஈரத்தில் ஊதி, காயும்போது வெடிக்கும். சுழலுக்கு அந்த வெடிப்பு வேண்டும். இங்கத்தைக் குளத்து மண்ணை உருளை போட்டு இறுக்கினால் எவ்வளவு வரும் என்பதைப் பார்க்க வேண்டும். அதற்கு முதல் இந்த 14ஐ 20 ஆக்க வேண்டும். தையலை மற்றப் பக்கம் சாய்த்து உள்ளே திருப்புவது அதற்குப் பிறகு.