டிரெய்லர் கூரையில் ஏழு அங்குலக் கிழிசல்

இரவு இரண்டு மணிக்குக் கூரைமேல் கனமாக ஏதோ விழுந்தது. கூடவே மழை. பத்து நிமிடத்தில் மனைவி என்னைத் தட்டி எழுப்பினாள். “மேசைமேல் சொட்டுகிறது, பாருங்கள்.”

டென்வரிலிருந்து டிரெய்லரை (வண்டியின் பின்னால் இழுத்துச் செல்லும், தங்குவதற்கான வீட்டு வண்டி) இழுத்துக்கொண்டு யூட்டா மாநிலத்தின் கேப்பிடல் ரீஃப் தேசியப் பூங்காவுக்கு வந்திருந்தோம். அங்குள்ள ஃப்ரூட்டா முகாமைச் சுற்றி, மார்மன் என்ற மதப் பிரிவைச் சேர்ந்த குடியேறிகள் அமைத்த பழத்தோட்டங்கள். ஃப்ரீமான்ட் ஆற்றோரம் பெரிய பெரிய காட்டன்வுட் மரங்கள். பாலை வெயிலில் அந்த நிழலை விட மனம் வராது. ஆனால் காட்டன்வுட் எளிதில் கிளை முறியும் மரம். ஆகஸ்ட் அங்கே பருவமழைக் காலமும்கூட.

முதல் நாள்

விடிந்ததும் ஏணி வைத்து ஏறினேன். கை கனத்தில் ஒரு கிளை கிடந்தது. அதன் முறிந்த முனை, கூரையை மூடியிருந்த ரப்பர் விரிப்பை ‘ட’ வடிவில் ஏழு அங்குலம் கிழித்திருந்தது. தூக்கிப் பார்த்தால் அடியிலிருந்த பிளைவுட் தேநீர்க் கறைபோல் கறுத்திருந்தது. உள்ளே சொட்டிய இடமோ கிழிசலுக்கு நேர் கீழே இல்லை, இரண்டடி தள்ளி. தண்ணீர் மரச்சட்டத்தின் ஓரமாக ஓடி, விளக்குக்காக வெட்டிய துளை வழியே இறங்கியிருக்கிறது. உள்ளே ஒழுகும் இடத்தை வைத்துக் கூரையில் ஓட்டையைத் தேடக் கூடாது என்று அப்போதுதான் புரிந்தது.

கருவிப் பெட்டியில் ஓட்டை அடைக்கும் சிலிக்கோன் பசைக் குழாய் ஒன்று இருந்தது. அதை எடுத்தபோது பக்கத்து முகாமில் இருந்த முதியவர் வேண்டாம் என்று தடுத்தார். இந்த ரப்பரில் சிலிக்கோன் சரியாகப் பிடிக்காது. பிறகு அதன்மேல் வேறு எதுவும் ஒட்டாது. ஈரப்பலகையை மூடினால் ஈரத்தை உள்ளே பூட்டி வைத்ததாகிவிடும் என்றும் சொன்னார். அந்த இரண்டு வாக்கியங்கள்தான் கூரையைக் காப்பாற்றின.

கிழிந்த மடலைத் தூக்கி, அடியில் சுள்ளிகளைக் கொடுத்து, வெயில் பட விட்டேன். பாலைக் காற்று ஈரத்தை வேகமாக உறிஞ்சியது. மாலையில் மேகம் திரண்டதும் தார்ப்பாயை மூடி, காற்று உள்ளே புகாதபடி கயிற்றைத் தாழ இழுத்துக் கட்டினேன். அதற்குள் சுமார் 70 மைல் தள்ளியிருக்கும் ரிச்ஃபீல்டுக்குப் போய், கூரைக்கான நான்கு அங்குலப் பசைநாடாவும், தானே சமமாகப் பரவும் சீலன்டும் (இடுக்கு அடைக்கும் பசை), துடைப்பதற்கு ஐசோபுரோப்பைல் ஆல்கஹாலும் வாங்கி வந்திருந்தேன்.

இரண்டாம் நாள்

ஒட்டுவதற்கு ஆனது பத்தே நிமிடம். துடைப்பதற்கு ஒன்றரை மணி நேரம். இபிடிஎம் என்பது இந்தக் கூரை ரப்பரின் வகை. பழைய இபிடிஎம் ரப்பர் வெயிலில் மேலே வெள்ளையாகப் பொடிந்துகொண்டே இருக்கும். கையை வைத்தால் திருநீறு தொட்டது போலிருக்கும். அந்தப் பொடியின்மேல் ஒட்டினால் நாடா பொடியோடு சேர்ந்து உரிந்து வந்துவிடும். சோப்புத் தண்ணீரில் தேய்த்தேன், துணி வெள்ளையானது. அலசி மறுபடி தேய்த்தேன், மறுபடி வெள்ளை. ஐந்தாவது துணிதான் சுத்தமாக வந்தது. நன்றாகக் காய்ந்த பிறகு ஆல்கஹாலால் ஒருமுறை துடைத்தேன்.

நாடாவின் மூலைகளை வட்டமாக வெட்டினேன். கூரான மூலைதான் முதலில் எழும்பும். ஒருமுறை ஒட்டினால் எடுக்க முடியாது என்பதால், மனைவி ஒரு முனையைப் பிடிக்க, மறுமுனையிலிருந்து நான் கொஞ்சம் கொஞ்சமாக இறக்கினேன். இந்தப் பசைக்கு அழுத்தம்தான் உயிர். உருளை வாங்க மறந்திருந்தேன். மகள் சப்பாத்திக் கட்டையை நீட்டினாள். முழு பலத்தையும் கொடுத்து உருட்டினேன், அருமையாகப் படிந்தது.

கடைசியில் ஓரங்களைச் சுற்றி சீலன்ட். இட்லி மாவு போலத் தானே பரவி நின்றது. சில மணி நேரத்தில் பாலாடை போல ஏடு கட்டினாலும், உள்ளே முழுவதும் இறுக ஒரு மாதம் வரை ஆகலாம்.

வீடு திரும்பிய பிறகு

திரும்பும் வழியில் ஐ-70 நெடுஞ்சாலையில் இரண்டு முறை நல்ல மழை. உள்ளே ஒரு சொட்டு இல்லை. இருந்தாலும் விளக்கைக் கழற்றி, துளைக்குள் ஈரமானியின் ஊசியைக் குத்திப் பார்த்தேன்: 19 சதவீதம், இன்னும் ஈரம்தான். அந்தத் துளையைத் திறந்தே விட்டு மின்விசிறியை ஓடவிட்டேன். இரண்டு வாரத்தில் 12க்கு இறங்கியது.

கிழிசலுக்குப் பக்கத்தில் உள்ளங்கை அளவு இடம் மட்டும் அழுத்தினால் இன்னும் லேசாக அமுங்குகிறது. அங்கே பிளைவுட்டின் அடுக்குகள் பிரிந்திருக்க வேண்டும். பனிக்காலம் முடிந்ததும், ஏப்ரலில், விரிப்பைத் திறந்து அந்தத் துண்டை மட்டும் மாற்றப்போகிறேன்.