மிர்-33 எங்கேப்பா?

மார்த்தாண்டத்தில் பஸ் ஏறி, வடசேரியில் மாறி, மழையில் நனைந்துகொண்டு திருநெல்வேலி போய் நாற்பது பக்க பிரிண்ட்-அவுட்டை கைடு மேசையில் வைத்தேன். இரண்டு நிமிடம் புரட்டினார். "ஏபிசிஏ1 இருக்கு, சரி. மிர்-33 எங்கேப்பா?"

எனக்கு வாயே எழவில்லை.

கொலஸ்ட்ரால், இதய நோய் சம்பந்தப்பட்ட ஜீன்களை எந்தெந்த மைக்ரோ ஆர்என்ஏ (புரதம் ஆகாத குட்டி ஆர்என்ஏ, சுருக்கமாக 'மிர்') அடக்குகிறது என்று கணிப்பதுதான் என் எம்.எஸ்சி. ப்ராஜெக்ட். செல்லில் கொலஸ்ட்ரால் குறைந்தால் எஸ்ஆர்இபிஎஃப்2 ஜீன் முடுக்கிவிடப்படும், அதன் இன்ட்ரானுக்குள் (புரதமாகாமல் வெட்டி எறியப்படும் இடைத்துண்டு) குடியிருக்கும் மிர்-33ஏ-யும் கூடவே வரும், வந்து கொலஸ்ட்ராலை வெளியே தள்ளுகிற ஏபிசிஏ1 ஜீனை மட்டுப்படுத்தும். 2010-லேயே காட்டிவிட்டார்கள். இது வராத ரிசல்ட் மீன் போடாத புளிமுளம்.

அதோடு விட்டாரா? ஜீன் பெயர் வரிசையில் '06-மார்ச்' என்று ஒன்று நின்றது. "இது யாருக்குப் பிறந்தநாள்?" என்றார். கொலஸ்ட்ரால் தயாரிப்பில் வருகிற ஸ்குவாலீன் எபாக்சிடேஸ் என்ற என்சைமை அழிக்க வைக்கும் மார்ச்6 ஜீன் அது, எக்செல் தேதியாக்கிவிட்டது. இந்தத் தொல்லைக்காகவே 2020-ல் மார்ச்எஃப்6 என்று பெயரை மாற்றினார்கள், ஆனால் நான் எடுத்தது பழைய பட்டியல். ஃபைலை நேராகத் திறக்காதீர்கள், இம்போர்ட் செய்யும்போதே ஜீன் பெயர் இருக்கும் நெடுவரிசையை டெக்ஸ்ட் என்று சொல்லிவிடுங்கள். தேதியான பிறகு டெக்ஸ்ட் ஆக்கினால் பெயர் திரும்பாது, ஏதோ ஒரு எண்தான் வரும்.

வீட்டுக்கு வந்து தோண்டினால், தப்பு முதல் படியிலேயே. ஜீன் எழுத்து வரிசைகளை டவுன்லோடு செய்யும் பயோமார்ட் தளத்தில் மூன்று-பிரைம் யுடிஆர் (ஜீனின் வால் பகுதி, மைக்ரோ ஆர்என்ஏ பெரும்பாலும் ஒட்டுவது இங்கேதான்) என்பதை டிக் செய்வதற்குப் பதில் புரதமாகிற பகுதியான கோடிங் சீக்வென்ஸை டிக் செய்திருக்கிறேன். மைக்ரோ ஆர்என்ஏ ஒட்டும் இடத்தைத் தேடுகிற மிராண்டா ப்ரோக்ராம் பாவம், எதைக் கொடுத்தாலும் தேடும், 'இது யுடிஆர் இல்லையே' என்று கேட்காது, பக்கம் பக்கமாக ரிசல்ட்டும் தரும். எனக்கென்ன தெரியும், ரிசல்ட் வந்தது என்று சந்தோஷப்பட்டேன்.

இனி செய்கிறவர்கள் ஓட்டுவதற்கு முன்னால் நோட்பேடில் ஏபிசிஏ1 யுடிஆரைத் திறந்து 'சிஏஏடிஜிசிஏ' என்று தேடிப் பாருங்கள். மிர்-33ஏ-யின் இரண்டாவது முதல் எட்டாவது எழுத்து வரைக்கும் உள்ள சீடுக்கு (இலக்கைப் பிடிக்கிற பகுதி) எதிர் ஜோடி அது. ஆர்என்ஏ என்று நினைத்து 'யு' போட்டுத் தேடினால் சிக்காது, டவுன்லோடு ஆனது டிஎன்ஏ எழுத்தில் இருக்கும்.

மறுபடி ஓட்டினேன். அது ஒரு ராத்திரி. (கல்லூரி லேப் கம்ப்யூட்டரில் ஓட்டலாம் என்றால் பாஸ்வேர்ட் தெரிந்தவர் லீவு. என் லேப்டாப்தான் விசிறி போல இரைந்தது.) ஆயிரக்கணக்கில் கொட்டியதை, இதே மாதிரி கணிப்புகள் உள்ள வேறு இரண்டு தளங்களில் ஒத்துப்பார்த்து, டார்கெட்ஸ்கேனிலும், மிர்டிபியில் 80-க்கு மேல் ஸ்கோரிலும் இருப்பது மட்டும் போதும் என்று வடிகட்டினேன். மிர்-33 மறுபடி காணோம்! ஒரு பட்டியலில் 'மிர்-33ஏ', இன்னொன்றில் 'மிர்-33ஏ-5பி'. இந்த வால் ஒட்டாததால் பொதுவானதில் விழவில்லை. அதைக் கண்டுபிடிக்க ஒன்றரை நாள்.

அம்மா சாயா கொண்டு வந்து வைத்துவிட்டு, "இத வச்சு அப்பாக்க கொழுப்பு கொறயுமா மக்களே?" என்றாள். இல்லம்மா, இது வெறும் கணிப்பு, ஆய்வகத்தில் நிரூபிக்க வேண்டும் என்றேன். "அப்போ இவ்வளவு நாளும்?" என்று கேட்டுவிட்டுப் போய்விட்டாள்.

கடைசியில் ஏபிசிஏ1-க்கு எதிரே மிர்-33, ரத்தத்திலிருந்து கொலஸ்ட்ராலைச் செல்லுக்குள் இழுக்கிற எல்டிஎல்ஆருக்கு எதிரே மிர்-148ஏ, இரண்டும் ஒழுங்காக உட்கார்ந்தன. ஆய்வகத்தில் சோதித்தவற்றைத் தொகுத்து வைத்திருக்கும் மிர்டார்பேஸ் தளத்தில் போய் ஒத்துப்பார்த்தேன், இரண்டுக்கும் ஆய்வக ஆதாரம் இருந்தது. இந்தத் தடவை பஸ் ஏறவில்லை, மெயில்தான். "ஓகே, ப்ராஜெக்ட்டைப் புத்தகமா பைண்டிங் போடு" என்று பதில் வந்தது.