வரிசையில் 23-வது ஆள்

திங்கட்கிழமை காலை. எட்டு அடித்து ஒரு நிமிடம்கூட ஆகவில்லை, ஜிபி கிளினிக்குக்குப் போன் போட்டுவிட்டேன். "நீங்கள் வரிசையில் 23-வது ஆள்" என்றது இயந்திரக் குரல். மடியில் மகள் காதைப் பொத்திக்கொண்டு சிணுங்கிக்கொண்டிருந்தாள். ராத்திரி முழுக்கத் தூக்கமில்லை.

ஜிபி என்றால் இங்கே குடும்ப டாக்டர். இங்கிலாந்தின் பர்மிங்காமில் எங்கள் வீட்டிலிருந்து நடந்தால் ஆறு நிமிடம். ஆனால் நடந்து போய்ப் பயனில்லை. ஒருமுறை போனேன். கண்ணாடிக்குப் பின்னால் இருந்த அம்மணி, நாளைக் காலை எட்டு மணிக்குப் போன் செய்யுங்கள் என்று சிரித்த முகமாகச் சொல்லி அனுப்பிவிட்டார்.

அந்த நேரம் பார்த்து மனைவியின் போனில் அம்மா. நம்மூரில் ஒன்றரை மணி, சாப்பிட்டு முடித்திருப்பார். எனக்கு ஒரு காதில் காத்திருப்போருக்குப் போடும் பியானோ இசை, இன்னொரு காதில் அம்மா.

"மாத்திரைப் பொண்ணு இப்பத்தான் போனா கண்ணு. பிரஷர் நூத்தி அம்பதாம். ஊறுகாயக் கொறைக்கச் சொல்லிட்டுப் போறா."

எங்களுக்குச் சூளகிரிப் பக்கம். வீடு தேடி வந்து மாத்திரை கொடுக்கும் அரசுத் திட்டமான மக்களைத் தேடி மருத்துவம் 2021 ஆகஸ்ட் 5 அன்று தொடங்கியதே எங்கள் பக்கத்துச் சாமனப்பள்ளியில்தான். அன்றைக்கு முதல்வர் வந்ததில் பஸ் தாமதம் என்று நான் சலித்துக்கொண்டது மட்டும் நினைவிருக்கிறது. இப்போது அந்தப் பெண் வாசலில் செருப்பைக் கழற்றிவிட்டுத் திண்ணையில் உட்கார்ந்து, அம்மாவின் கையில் பட்டையைச் சுற்றிப் பார்த்து, நோட்டில் எழுதி, மாத்திரையைக் கையில் வைத்துவிட்டு, மோர் குடித்துவிட்டுப் போகிறாள். நான் 19-வது இடத்துக்கு வந்திருந்தேன்.

இத்தனைக்கும் காசு கட்டாமல் வந்தவனில்லை. 2024-ல் விசா எடுத்தபோது சுகாதாரக் கட்டணம் பெரியவர்களுக்கு ஆண்டுக்கு 1,035 பவுண்டு, பிள்ளைக்கு 776. மூன்று பேருக்கு மூன்று வருடம், 8,538 பவுண்டு. மொத்தமும் முன்கூட்டியே. நம் கணக்கில் 9 லட்சத்தைத் தொடும். அது போக மாதாமாதம் வருமான வரி, தேசியக் காப்பீடு. ஓசூரில் வேலைக்குச் சேர்ந்த புதிதில் ஈஎஸ்ஐக்கு 0.75 விழுக்காடு பிடித்ததற்கே முணுமுணுத்தவன் நான்.

சரி, நியாயமாகவும் பேச வேண்டும். என்எச்எஸ் என்கிற இந்த நாட்டு அரசு மருத்துவச் சேவை பெரும்பாலும் வரிப்பணத்தில் ஓடுகிறது. 1948 ஜூலை 5-ல் தொடங்கியதிலிருந்து டாக்டரைப் பார்க்கக் காசு கிடையாது. போன வருடம் மனைவி இரண்டு நாள் மருத்துவமனையில் இருந்தாள். கிளம்பும்போது பில் கவுன்டர் எங்கே என்று தேடினேன். நர்ஸுக்கு என் கேள்வியே புரியவில்லை.

அந்த இடத்தில் எனக்கு அப்பா நினைவு வந்தது. 2019-ல் இதயத்தில் அடைப்பு. முதல்வர் காப்பீட்டு அட்டை எடுக்க வருமானச் சான்று வேண்டும். விஏஓ, ஆர்ஐ, தாலுகா ஆபீஸ் என்று நானும் சித்தப்பாவும் மூன்று நாள் அலைந்தோம். அட்டையும் கிடைத்தது, ஸ்டென்டும் வைத்தார்கள், அப்பா பிழைத்தார். அதற்கு அந்த அட்டையைக் கும்பிடுவேன். ஆனால் அந்தத் தனியார் மருத்துவமனையில், "இது மட்டும் காப்பீட்டில் வராது" என்று துண்டுச்சீட்டில் 18,000 என்று எழுதினார்கள். பில் தரவில்லை. வாசலில் தரச்சான்றுப் பலகை பளபளத்தது. அது எதற்கு, யார் கொடுத்தது, யாரிடம் போய்க் கேட்பது என்று எங்களில் ஒருவருக்கும் தெரியாது. தனியார் மருத்துவமனைகளை ஒழுங்குபடுத்தத் தமிழ்நாட்டில் 1997-லேயே சட்டம் போட்டார்கள். அதற்கு விதிகள் வந்தது 2018-ல். சித்தப்பா இடுப்பு வேட்டியில் முடிந்து வைத்திருந்த நோட்டுகளை அவிழ்த்து எண்ணிக் கொடுத்தார்.

இங்கே எங்கள் ஜிபி கிளினிக்கின் சுவரில் ஒரு தாள் ஒட்டியிருக்கிறது. சிக்யூசி என்ற கண்காணிப்பு ஆணையம் வந்து சோதித்துப் போட்ட மதிப்பெண். மிகச் சிறப்பு, நன்று, மேம்பாடு தேவை, போதாது என்று நான்கு படிகள். எங்களுடையது மூன்றாவது. அதை அவர்களே கண்ணில் படும்படி ஒட்டியாக வேண்டும், 2015-லிருந்து சட்டம். பெயிலான மார்க் ஷீட்டைத் தானே வாசலில் மாட்டுகிற மாணவனை நான் ஊரில் பார்த்ததில்லை. பியானோ கேட்கும்போதெல்லாம் அந்தத் தாள்தான் கண்முன் வரும்.

முப்பத்தைந்தாவது நிமிடம் ஆள் கிடைத்தது. பிள்ளைக்கு என்ன வயது, காய்ச்சல் உண்டா, காதில் சீழ் வருகிறதா என்று கேட்டுவிட்டு, "மருந்துக் கடைக்கு அனுப்புகிறேன், அங்கே போங்கள்" என்றார் அந்த அம்மணி. சாதாரணக் காது வலி உட்பட ஏழு நோய்களை மருந்தாளுநரே பார்க்கலாம் என்று 2024 ஜனவரியில் இங்கிலாந்தில் திட்டம் கொண்டுவந்திருக்கிறார்கள்.

போனோம். பொறுப்பு மருந்தாளுநரின் பெயரும் பதிவு எண்ணும் சுவரில். உள்ளே சின்ன அறை. அவர் மகளிடம் பொம்மை பெயரெல்லாம் கேட்டுவிட்டு, விளக்கு வைத்த கருவியால் காதுக்குள் பார்த்தார். கணினியில் ஒவ்வொரு கேள்வியாகக் கேட்டு டிக் அடித்தார். ஆன்டிபயாடிக் இப்போது வேண்டாம், சொட்டு மருந்து போதும், மூன்று நாளில் குறையாவிட்டால் வாருங்கள் என்றார். பிள்ளைக்கு என்பதால் காசு இல்லை. பெரியவர்களுக்கு என்றால் மருந்து ஒன்றுக்கு 9.90 பவுண்டு. பத்தே நிமிடம். மனம் குளிர்ந்துவிட்டது. இந்த ஊர் எனக்குப் பழகிவிட்டது என்று மனைவியிடம் சொல்லிக்கொண்டே வந்தேன்.

மத்தியானம் அம்மாவுக்குப் போன் செய்தேன்.

"டாக்டர் என்ன சொன்னாரு?"

"டாக்டர் பாக்கலம்மா. மெடிக்கல்ல பாத்தாங்க."

கொஞ்ச நேரம் சத்தமே இல்லை. "ஒம்போது லட்சம் கட்டிட்டு மெடிக்கல்லயா? நம்ம பஸ் ஸ்டாண்டு மெடிக்கல்காரரு பத்து ரூவாக்குக் கொடுப்பாரேடா!"

அவர் கொடுப்பார்தான். சீட்டு கேட்க மாட்டார், காதைப் பார்க்கவும் மாட்டார். கத்தரித்த அட்டையிலிருந்து நான்கு கலரில் மாத்திரைகளைக் காகிதத்தில் மடித்து, காலை, ராத்திரி என்று கோடு போட்டுத் தருவார். சின்ன வயதில் எனக்கு வந்த காய்ச்சல் எல்லாம் அந்தக் கோட்டில்தான் போனது. இதற்கும் அதற்கும் உள்ள வித்தியாசத்தை, பதிவு எண், விதிமுறை என்று அம்மாவுக்கு விளக்க ஆரம்பித்தேன். அவர் கேட்கவில்லை.

"உனக்கு பிரஷர் பாத்தாங்களா?"

"நாப்பது வயசு ஆனா அவங்களே கூப்பிட்டுப் பாப்பாங்கம்மா. இன்னும் ரெண்டு வருசம் இருக்குது."

"ரெண்டு வருசமா? மாங்கா சீசனுக்கு வா. மாத்திரைப் பொண்ணு வர்ற தேதியக் கேட்டு வெக்கிறேன்."