பழைய பத்திரங்களில் கொள்ளுத்தாத்தாவைத் தேடியபோது

தாத்தாவின் அப்பா பெயர் தெரியும். அவருக்கு மேலே யார் என்று கேட்டால் எங்கள் வீட்டில் எல்லாரும் முழிப்பார்கள். காணி நிலமாவது இருந்த குடும்பம் என்றால் பத்திரத்தில் தொடங்குவதுதான் நல்லது. பழைய பிறப்புப் பதிவு கிடைத்தாலும் பல சமயம் அதில் குழந்தையின் பெயரே இருக்காது. பத்திரத்திலோ "இன்னார் குமாரர் இன்னார்" என்று கட்டாயம் இருக்கும்.

பரணில் ஒரு கிரயப் பத்திரம் அகப்பட்டது. "சேலம் ஜில்லா திருப்பத்தூர் தாலுகா" என்று இருந்ததும், "இது நம்ம ஊரே இல்லப்பா" என்றார் சித்தப்பா. எங்கள் ஊரேதான். திருப்பத்தூர் தாலுகா 1911 வரை சேலத்தில் இருந்தது. அப்புறம் வட ஆற்காட்டோடு சேர்ந்தது. 1989-இல் வட ஆற்காடும் இரண்டானது. 2019-இல் திருப்பத்தூரே மாவட்டமாகிவிட்டது.

பின்பக்கப் பதிவு முத்திரையைக் கறையான் தின்றிருந்தது. மிஞ்சிய தேதி "சௌமிய வருஷம் மாசி". அறுபது ஆண்டுக்கு ஒரு சௌமிய வரும். முத்திரைத்தாளில் 1901 முதல் 1910 வரை ஆண்ட பிரிட்டிஷ் மன்னர் ஏழாம் எட்வர்டின் தலை இருந்ததால் 1910 என்று முடிவு கட்டினேன்.

இணையத்தில் வில்லங்கச் சான்று, அதாவது ஒரு சொத்தின் மேல் பதிவான பத்திரங்களின் பட்டியல், பெரும்பாலும் 1975-லிருந்துதான் கிடைக்கிறது. அதற்கு முந்தியது வேண்டுமானால் சார்பதிவாளர் அலுவலகத்தில் மனு கொடுக்க வேண்டும். பெயர்வாரி அட்டவணை, சொத்துவாரி அட்டவணை என்று இரண்டு உண்டு. பெயரில் தேடினால் ஊர் முழுக்க முனுசாமிதான். சர்வே எண்ணை வைத்துத் தேடுவது மேல். 1908-ஆம் ஆண்டுப் பதிவுச் சட்டப்படி, சொத்துப் பத்திரங்கள் பதிவாகும் 1-ஆம் புத்தகத்தைக் கட்டணம் கட்டி யார் வேண்டுமானாலும் பார்க்கலாம். "பாகப்பிரிவினை கேஸா சார்?" என்று எழுத்தர் கேட்டார். வம்சாவளிக்கு என்றதும் ஒரு மாதிரியாகப் பார்த்தார்.

உண்மையில் பாகப்பிரிவினைப் பத்திரம்தான் புதையல். கிரயத்தில் ஒரு அப்பா, ஒரு மகன், அவ்வளவுதான். இதில் அண்ணன் தம்பி அத்தனை பேரும் வரிசையாக நின்றார்கள். "மூத்த தாரத்து மகன்", "இளைய தாரத்து மகன்" என்று வேறு எழுதியிருந்தது. கொள்ளுத்தாத்தாவுக்கு இரண்டு சம்சாரம் என்பது அப்போதுதான் தெரிந்தது. வீட்டில் யாரும் வாய் திறந்ததில்லை. பெண்களின் பெயர் மட்டும் எங்கும் இல்லை. மகளுக்கு எழுதிய ஒரு தான செட்டில்மென்டில்தான் ஒரு அத்தைப் பாட்டி தட்டுப்பட்டார்.

உயில்கள் 3-ஆம் புத்தகத்தில் இருக்கும். எழுதியவர் காலமாகியிருந்தால் அதற்கும் யாரும் நகல் கேட்கலாம். இளைய தாரத்து வழியில் ஒரு உயில் இருப்பதாகக் கேள்விப்பட்டு, அதற்கு இப்போது மனு போட்டிருக்கிறேன்.