நிற்கும் வண்டியின் கணக்கு

மன்னார்குடியில் ஒரு லாரி போக்குவரத்து அலுவலகத்தில், எந்த வண்டி எந்த ஊருக்கு எத்தனை நடை போக வேண்டும் என்று முடிவு செய்யும் வேலையை 19 ஆண்டுகளாகப் பார்த்து வருகிறேன். இந்த வேலைக்குச் சரக்குப் போக்குவரத்துத் திட்டமிடல் என்று ஒரு பெயர் உண்டு என்பதும், அதற்கென்றே இணையவழியில் பாடங்கள் நடக்கின்றன என்பதும் மூன்று ஆண்டுகளுக்கு முன்புதான் எனக்குத் தெரிய வந்தன. அதன் பிறகு இரண்டு பயிற்சிகளை முடித்தேன். ஒன்று நான் வேலை பார்க்கும் முறையையே மாற்றியது. மற்றொன்று சான்றிதழோடு நின்றுவிட்டது. டெல்டா மாவட்டங்களில் இதே வேலைக்குப் புதிதாக வந்திருக்கும் பிள்ளைகள் பணம் கட்டுவதற்கு முன் இந்த வேறுபாட்டைத் தெரிந்துகொள்ள வேண்டும் என்பதால் இதை எழுதுகிறேன்.

எங்கள் வேலையின் அளவை முதலில் சொல்லிவிடுகிறேன். குறுவையானாலும் சம்பா, தாளடியானாலும் அறுவடை தொடங்கிவிட்டால், நேரடி நெல் கொள்முதல் நிலையங்களில் 40 கிலோ சிப்பங்களாகக் கட்டி அடுக்கப்படும் நெல் திறந்தவெளிச் சேமிப்புக் கிடங்குகளுக்கோ, வெளிமாவட்ட அரவைக்காக ரயிலடிக்கோ போயாக வேண்டும். பத்துச் சக்கர லாரியின் மொத்த எடை வரம்பு 2018 ஜூலையில் 25 டன்னிலிருந்து 28.5 டன்னாக உயர்த்தப்பட்டது. வண்டியின் சொந்த எடையைக் கழித்து, வரம்பைத் தொடாமல் கொஞ்சம் இடம் விட்டு 18 டன் ஏற்றினால் அது 450 சிப்பம். நீடாமங்கலத்திலிருந்து 2,000 டன் நெல்லோடு ஒரு சரக்கு ரயில் கிளம்ப வேண்டுமென்றால் 50,000 சிப்பங்கள் வந்து சேர வேண்டும். அதாவது 112 நடை. நேரத்துக்குள் ஏற்றி முடிக்காவிட்டால் ஒவ்வொரு வேகனுக்கும் மணிக்கணக்கில் ரயில்வேக்குத் தாமதக் கட்டணம் கட்ட வேண்டும். அதற்குப் பயந்து, கையில் இருக்கும் எல்லா லாரிகளையும் விடியற்காலையிலேயே அனுப்பிவிடுவதுதான் நல்ல திட்டம் என்று பல ஆண்டுகள் நம்பிக்கொண்டிருந்தேன்.

முதலில் நான் சேர்ந்தது கட்டணப் பயிற்சி. நிறுவனத்தின் பெயர் இங்கே தேவையில்லை. ஆறு வாரங்களுக்குப் பதிவு செய்யப்பட்ட காணொளிகள் வந்தன. கப்பல் கொள்கலன்களின் வகைகள், விமானச் சரக்கின் ஆவணங்கள், சரக்கு மேலாண்மையின் வரலாறு என்று எல்லாவற்றையும் தொட்டுச் சென்றார்கள். ஒரு கணக்குகூடப் போடச் சொல்லவில்லை. நான் அனுப்பிய மூன்று கேள்விகளுக்கும் பதில் வரவில்லை. கடைசிக் காணொளி முடிந்த அன்றே சான்றிதழ் மின்னஞ்சலில் வந்துவிட்டது. பாடத்தைக் கேட்டோமா, காணொளியை ஓடவிட்டுவிட்டு அடுப்படியில் இருந்தோமா என்று சோதிக்க அங்கே எந்த வழியும் இல்லை. கட்டிய பணத்தைவிட, அந்த ஆறு வார இரவுகள் வீணானதே எனக்கு அதிக வருத்தம்.

இரண்டாவதாகச் சேர்ந்தது என்பிடெல் என்ற இணையக் கல்வித் தளத்தில் 12 வாரச் செயலாய்வுப் பாடம் (Operations Research); கையில் இருக்கும் ஆள், வண்டி, நேரத்தை எப்படிப் பிரித்தால் நல்லது என்று கணக்குப் போட்டு முடிவெடுக்கும் துறை அது. ஐஐடிகள் உள்ளிட்ட கல்வி நிறுவனங்களின் பேராசிரியர்கள் நடத்தும் இந்தப் பாடங்களைக் கட்டணமின்றிக் கேட்கலாம்; சான்றிதழ் வேண்டுமென்றால் கட்டணம் செலுத்தி, தேர்வு மையத்துக்கு நேரில் போய் எழுத வேண்டும். வாராந்திர ஒப்படைப்புகளுக்கு 25 மதிப்பெண், தேர்வுக்கு 75. வாரம் தவறாமல் கணக்குப் போட்டு அனுப்ப வேண்டியிருந்ததால், வேலை முடிந்து வந்த பிறகு இரவு ஒன்பது மணிக்கு மேல் நோட்டை விரித்து உட்காரும் பழக்கம் தானாக வந்தது. வணிகவியல் படித்த எனக்கு ஆங்கில விளக்கங்களும் குறியீடுகளும் முதல் நான்கு வாரங்கள் மலையாகத்தான் இருந்தன. ஒவ்வொரு காணொளியையும் மூன்று முறை கேட்டேன். சரக்குப் போக்குவரத்து என்ற சொல் தலைப்பில் இல்லாத அந்தப் பாடம்தான், தலைப்பு முழுக்க அந்தச் சொல்லை வைத்திருந்த பயிற்சியைவிட என் வேலைக்கு நெருக்கமாக வந்தது.

வரிசைகளைப் பற்றிய பகுதியில்தான் எனக்குப் பெரிய திறப்பு கிடைத்தது. ஜான் லிட்டில் என்ற அமெரிக்க அறிஞர் 1961இல் நிறுவிக் காட்டிய விதி ஒன்று உண்டு. ஓர் இடத்தில் நிற்கும் வண்டிகளின் சராசரி எண்ணிக்கை, மணிக்கு எத்தனை வண்டிகள் வந்து போகின்றன என்பதையும் ஒரு வண்டி சராசரியாக எவ்வளவு நேரம் அங்கே இருக்கிறது என்பதையும் பெருக்கினால் வரும் தொகைக்குச் சமம். கேட்பதற்கு எளிமையானதுதான். ஆனால் அதை எங்கள் கிடங்கு வாசலில் வைத்துப் பார்த்தபோது எனக்கு உறக்கம் வரவில்லை. மணிக்கு மூன்று லாரிகள் இறக்கப்படும் இடத்தில் எந்நேரமும் 24 லாரிகள் நிற்கின்றன என்றால், ஒவ்வொரு லாரியும் எட்டு மணி நேரம் அங்கே கிடக்கிறது. விடியற்காலையில் இன்னும் ஆறு லாரிகளை நான் கூடுதலாக அனுப்பினால் இறக்கும் வேகம் கூடாது. 450 சிப்பங்களையும் முதுகிலும் தலையிலும் சுமந்து இறக்குபவர்கள் அதே ஆட்கள்தான். வரிசை 30 ஆகும், காத்திருப்பு பத்து மணி நேரமாகும், அவ்வளவுதான். கிலோமீட்டருக்கு எவ்வளவு டீசல் என்று பைசா வரை கணக்கு வைத்திருந்த நான், நின்றுகொண்டிருக்கும் வண்டிக்கு அதுவரை கணக்கே வைத்திருக்கவில்லை.

நிற்பதில் போவது வாடகை மட்டுமல்ல. குறுவை அறுவடை வடகிழக்குப் பருவமழையோடு மோதும் காலம். கொள்முதலுக்கு வழக்கமான ஈரப்பத வரம்பு 17 சதவீதம். மழை அதிகமான ஆண்டுகளில் மத்திய அரசு அதைத் தளர்த்துவதும் உண்டு. அந்த ஈரத்தோடு தார்ப்பாய்க்குள் ஓர் இரவு கிடக்கும் நெல் புழுங்கிச் சூடேறும். மழை நீரும் இறங்கிவிட்டால் முளைவிடும். ஒரு விவசாயி நாற்றங்கால் போட்ட நாளிலிருந்து காத்த நெல் அது. அதை வரிசையில் நிறுத்திப் பாழாக்கியதில் என் திட்டத்துக்கும் பங்கு இருந்தது என்பதை அந்தப் பாடம்தான் எனக்குப் புரியவைத்தது.

கடந்த தாளடியில் ஒரு பதிவேடு தொடங்கினேன். வாசலுக்கு வந்த நேரம், எடை மேடை ஏறிய நேரம், இறக்கத் தொடங்கிய நேரம், வெளியே வந்த நேரம் என்று நான்கு நிரல்கள்தான். ஓட்டுநர்கள் முதலில் சலித்துக்கொண்டார்கள். “வண்டி ஓட்டுறதா, மணி பாத்துச் சொல்லிக்கிட்டு இருக்கறதாக்கா?” என்று மூத்த ஓட்டுநர் ஒருவர் கேட்டார். பத்தாவது நாள் அவரே தொலைபேசியில் அழைத்து, “அக்கா, இப்ப 17 வண்டி நிக்குது, அடுத்ததை ரெண்டு மணி நேரம் கழிச்சு விடுங்க” என்றார். எல்லா வண்டிகளையும் ஒரே நேரத்தில் கிளப்பாமல், இறக்கும் வேகத்துக்கு ஏற்ப 40 நிமிட இடைவெளியில் அனுப்பத் தொடங்கினோம். வரிசையில் மற்றவர்களின் வண்டிகளும் நிற்பதால் எல்லாம் எங்கள் கையில் இல்லை. இருந்தாலும் ஒரு நடையோடு முடங்கிக்கொண்டிருந்த வண்டிகளில் பாதிக்கு மேல் ஒரு நாளில் இரண்டு நடை போக முடிந்தது. ஓட்டுநர்கள் இரவில் வீட்டுக்குப் போனார்கள்.

வழித்தடத் திட்டமிடலையும் படித்தேன். பெட்ரோல் நிலையங்களுக்கு டேங்கர்களை அனுப்பும் சிக்கலை டான்ட்ஸிக், ராம்சர் என்ற ஆய்வாளர்கள் இருவரும் 1959இல் கணிதமாக எழுதினார்கள். 1964இல் கிளார்க், ரைட் இருவரும் கையாலேயே போடக்கூடிய, தொலைவை மிச்சப்படுத்தும் ஒரு சேமிப்பு முறையைக் கொடுத்தார்கள். கிடங்கிலிருந்து ஒரு நிலையம் 14 கிலோமீட்டர், இன்னொன்று 16 கிலோமீட்டர், இரண்டுக்கும் இடையே 5 கிலோமீட்டர் என்று வைத்துக்கொள்வோம். தனித்தனியாகப் போய்வந்தால் 60 கிலோமீட்டர். ஒரே வண்டி இரண்டையும் தொட்டு வந்தால் 35. மிச்சம் 25. ஆனால் அறுவடை உச்சத்தில் ஒவ்வொரு நிலையத்திலும் ஒரு லாரிக்கு மேல் சிப்பம் குவிந்திருக்கும்போது இதற்கு வேலையே இல்லை. பருவம் முடிந்து, இங்கே 180, அங்கே 200 என்று கடைசிச் சிப்பங்கள் தங்கிவிடும் நாள்களில்தான் இந்த முறை கைகொடுக்கிறது. எந்தக் கணக்கு எந்த வாரத்துக்குப் பொருந்தும் என்பதைச் சொல்லித் தருபவர் இல்லாததே இணையவழிப் பாடங்களின் பெரிய குறை என்று நினைக்கிறேன்.

அடுத்த குறை எங்கள் ஆறுகள். பாடக் கணக்குகளில் இரு புள்ளிகளுக்கு இடையிலான நேர்க்கோட்டுத் தொலைவை ஒரு எண்ணால் பெருக்கிச் சாலைத் தொலைவாகக் கொள்வார்கள். நீடாமங்கலத்துக்கு அருகே மூணாறு தலைப்பில் வெண்ணாறு, கோரையாறு, பாமணியாறு என்று தண்ணீர் மூன்றாகப் பிரிகிறது; அதற்குக் கீழே ஒவ்வொரு ஊருக்கும் அடுத்த ஊருக்கும் நடுவே ஆறோ வாய்க்காலோ கிடக்கிறது. கண்ணுக்கெதிரே அக்கரையில் தெரியும் கொள்முதல் நிலையத்துக்குப் பாரம் தாங்கும் பாலத்தைத் தேடி ஒன்பது கிலோமீட்டர் சுற்ற வேண்டியிருக்கும். கரைச் சாலையில் எதிரே ஒரு அறுவடை இயந்திரம் வந்தால் பின்னோக்கித்தான் வர வேண்டும். நீடாமங்கலம் ரயில்வே கேட் அடைக்கப்படும் நேரமோ எந்த வரைபடச் செயலியிலும் சரியாக விழுவதில்லை. நம் நெல்லை ஏற்றும் சரக்கு ரயிலுக்காகவே அந்த கேட் மூடப்பட்டு, அதே ரயிலுக்கு நெல் கொண்டுவரும் லாரி வெளியே நிற்கும்.

ஆகவே, நம் பகுதிக்கான பயிற்சி தமிழில், நம் கணக்குகளோடு வர வேண்டும் என்று உறுதியாக நம்புகிறேன். பத்துக் கொள்முதல் நிலையங்கள், இரண்டு கிடங்குகள், ஒரு ரயில், மூன்றாம் நாள் கனமழை எச்சரிக்கை என்று ஒரு பயிற்சிக் கணக்கைக் கொடுத்து, வண்டிகளைப் பிரித்து அனுப்பச் சொல்ல வேண்டும். எடை வரம்பை மீறினால் 20,000 ரூபாயும், கூடுதலான ஒவ்வொரு டன்னுக்கும் 2,000 ரூபாயும் அபராதம் என்ற 2019ஆம் ஆண்டுச் சட்டத்திருத்தம் அந்தக் கணக்குக்குள்ளேயே இருக்க வேண்டும். நேரலை வகுப்பு வாரத்துக்கு ஒன்றாவது வேண்டும். அதுவும் அறுவடை மாதங்களில் வேண்டாம், மேட்டூர் திறப்புக்கு முந்தைய ஏப்ரல், மே மாதங்களில்.

அப்படி ஒன்று வரும் வரை, எங்கள் அலுவலகத்துப் பிள்ளைகள் இருவருக்கு ஞாயிற்றுக்கிழமை காலையில் நானே கணக்குப் போடச் சொல்லித் தருகிறேன். இப்படிப்பட்ட கணக்குகளுக்கு விடை தேடித் தரும் எக்ஸெல் சால்வர் என்ற கருவியில் அவர்கள் இப்போது என்னைவிட வேகம். மணிக்கு மூன்று லாரி என்ற எண் மழை நாளில் எவ்வளவாகக் குறைகிறது என்பதற்கு எங்களிடம் இன்னும் போதிய பதிவுகள் இல்லை. வரும் குறுவையில் அதற்காக ஐந்தாவது நிரல் ஒன்றைப் பதிவேட்டில் சேர்த்திருக்கிறோம்.