தென்னை மரத்தில் கட்டிய மாடு

யாழ்ப்பாணத்தில் எட்டு வருடம் வாத்தியாராக இருந்தவன் நான். லண்டனில் எனக்குக் கிடைத்த முதல் மேசை வேலை, ஒரு எம்பியின் தொகுதி அலுவலகத்தில் கடிதம் பிரிப்பது. 2001 கடைசியில் சேர்ந்தேன். அலுவலகம் ஒரு சலவைக் கடைக்கு மேலே. ஒடுங்கிய படிக்கட்டு ஏறிப் போக வேண்டும். மழை நாளில் கீழேயிருந்து இஸ்திரி ஆவி மணம் மேலே வரும். வேலை செய்தவர்கள் இரண்டரைப் பேர்: மேலாளர், நான், வாரத்தில் இரண்டு நாள் மட்டும் வரும் ஒரு பல்கலைக்கழகப் பெண். தொகுதியில் எங்கள் சனம் நிறைய. விசா, அகதி விண்ணப்பம், வீட்டுப் பிரச்சினை என்று வருகிறவர்களோடு தமிழில் கதைக்க ஓர் ஆள் வேண்டியிருந்தது. அதற்காகத்தான் என்னை எடுத்தார்கள். ஈராக்கைப் பற்றி நூற்றுக்கணக்கில் கடிதம் எழுதப்போகிறேன் என்று அவர்களும் நினைக்கவில்லை, நானும் நினைக்கவில்லை.

எம்பியின் தபாலுக்கு ஒரு முறை இருக்கிறது. உறையைப் பிரித்ததும் முதலில் பார்ப்பது விலாசம். தன் தொகுதிக்காரருக்கு மட்டும்தான் அவர் பதில் எழுதுவார். வேறு தொகுதி என்றால் அங்குள்ள எம்பிக்குத் தள்ளிவிட வேண்டும். பிறகு கணினியில் ஓர் எண், ஒரு தலைப்பு. அமைச்சர் சொல்ல வேண்டிய விடயம் என்றால் அமைச்சுக்கு அனுப்பிவிட்டு, சில வாரம் கழித்து வரும் அமைச்சரின் கடிதத்தை ஒரு சிறு குறிப்போடு எழுதியவருக்கு அனுப்புவோம். பதில் போனதும் அந்த எண்ணுக்கு எதிரே ‘முடிந்தது’ என்று போட்டுவிடலாம். வெள்ளிக்கிழமை மாலை எம்பி வருவார். அச்சடித்து வைத்த கடிதங்களின் தலையில் ‘அன்புள்ள இன்னாருக்கு’ என்றும் காலில் கையெழுத்தும் பேனையால் தானே எழுதுவார். தலைக்கும் காலுக்கும் நடுவில் இருந்ததெல்லாம் எங்கள் எழுத்து.

வெள்ளிக்கிழமை எம்பி தொகுதிச் சனத்தை நேரில் சந்திப்பதற்கு இங்கே ‘சேர்ஜரி’ என்று பெயர். வைத்தியரின் அறைக்கும் அதே பெயர்தான். முதல் தரம் வந்த ஒரு அம்மா, “எனக்கு வருத்தம் ஒண்டும் இல்லைத் தம்பி, விசா அலுவல்தான்” என்று பதறிப்போய்ச் சொன்னது நினைவிருக்கிறது.

2002 செப்டெம்பர் 24ஆம் தேதி ஈராக்கின் ஆயுதங்கள் பற்றிய அறிக்கையைப் பிரதமர் பிளேயரின் அரசு வெளியிட்டது. விடுமுறையிலிருந்த நாடாளுமன்றத்தை அதற்காகவே கூட்டினார்கள். உத்தரவு வந்த 45 நிமிடத்தில் சதாம் இரசாயன ஆயுதங்களைப் பயன்படுத்த முடியும் என்பதுதான் மறுநாள் பத்திரிகைகளில் பெரிதாக வந்தது. அந்த வாரம் தொடங்கிய கடிதங்கள் பிறகு நிற்கவேயில்லை. அமைப்புகள் அச்சடித்துக் கொடுத்த அட்டைகளுக்குப் பதில் சொல்வது சுலபம். எல்லாவற்றிலும் ஒரே வாசகம். கையால் எழுதியவைதான் கஷ்டம். ஓய்வுபெற்ற கப்பல்படைக்காரர், பிள்ளையைப் படைக்கு அனுப்பியிருந்த தாய், பிளேயரும் எங்கள் எம்பியும் இருந்த கட்சியின் முப்பது வருட உறுப்பினர் அட்டையை இரண்டாகக் கிழித்து உறைக்குள் வைத்து அனுப்பியவர்.

இவர்களுக்கு நாங்கள் என்ன எழுதினோம்? மேலிடத்திலிருந்து பத்திகள் வரும். 1988இல் ஹலப்ஜாவில் சதாமின் விமானங்கள் நச்சு வாயு வீசி ஆயிரக்கணக்கான குர்து மக்களைக் கொன்றது ஒரு பத்தி. ஆயுதங்களைக் கைவிட ஈராக்குக்குக் கடைசி வாய்ப்புக் கொடுத்த 1441ஆம் தீர்மானத்தை 2002 நவம்பரில் ஐநா பாதுகாப்புச் சபை 15க்கு 0 என்று நிறைவேற்றியது ஒரு பத்தி. எம்பி இதை மிகுந்த அக்கறையோடு கவனித்து வருகிறார் என்பது கடைசிப் பத்தி. ஒன்றுகூடப் பொய்யில்லை.

தென்னை மரத்தைப் பற்றி மனப்பாடம் செய்துகொண்டு பரீட்சைக்குப் போன பையனின் கதை நம் எல்லோருக்கும் தெரியும். கேள்வித்தாளில் வந்தது மாடு. பையன் சளைக்கவில்லை. மாட்டைத் தென்னை மரத்தில் கட்டினான். பிறகு பக்கம் பக்கமாகத் தென்னையைப் பற்றி எழுதினான். அப்படிப்பட்ட விடைத்தாள்களை எட்டு வருடம் சிவப்புப் பேனையால் கோடு போட்டவன், இப்போது தென்னை நட்டுக்கொண்டிருந்தேன். “ஆயுதப் பரிசோதகர்களுக்கு இன்னும் ஏன் அவகாசம் கொடுக்கக்கூடாது?” என்று கேட்டவருக்கு ஹலப்ஜா. “இந்தப் போருக்கு ஐநாவின் அனுமதி உண்டா?” என்று கேட்டவருக்கும் ஹலப்ஜா. நன்றாகவே செய்தேன் என்று மேலாளர் பாராட்டினார். என் ஆங்கிலம் திருந்தியது அந்த மாதங்களில்தான்.

2003 பெப்ரவரி 15, சனிக்கிழமை. எம்பங்க்மெண்ட் பக்கமிருந்தும் கவர் ஸ்ட்ரீட் பக்கமிருந்தும் ஹைட் பார்க் நோக்கி ஊர்வலம். பொலிஸ் கணக்கே ஏழரை இலட்சம். நடத்தியவர்கள் இருபது இலட்சம் வரை சொன்னார்கள். நானும் போனேன். வேலைக்கு ஆபத்து வருமோ என்று தொப்பியைக் காது மட்டும் இழுத்துவிட்டுக்கொண்டு போனேன். அந்தக் குளிரில் எல்லோருமே அப்படித்தான் இருந்தார்கள் என்பது வேறு கதை. எனக்குப் பழக்கமான ஊர்வலங்களில் கோஷம் போடுகிறவர்களின் கண் எப்போதும் ஓரத்தில் நிற்கும் ஆமிக்காரன் மேல் இருக்கும். இங்கே தள்ளுவண்டியில் குழந்தை, ஃபிளாஸ்கில் தேநீர்.

மார்ச் 17ஆம் தேதி, முன்னாள் வெளியுறவு அமைச்சர் ராபின் குக் போரை எதிர்த்து அமைச்சரவையிலிருந்து விலகினார். மறுநாள் இரவு நாடாளுமன்றப் பொதுச்சபையில் வாக்கெடுப்பு. போருக்கான காரணம் இன்னும் நிறுவப்படவில்லை என்ற திருத்தத்துக்கு ஆதரவு 217, எதிர்ப்பு 396. ஆளுங்கட்சியிலேயே 139 பேர் கொறடாவை மீறினார்கள். பிறகு அரசின் தீர்மானம் 412க்கு 149 என்று நிறைவேறியது. எங்கள் எம்பி அரசோடு நின்றார். 20ஆம் தேதி போர் தொடங்கியது.

அப்போதுதான் மாதிரிக் கடிதத்துக்கு மசியாத ஒருவர் வந்து சேர்ந்தார். ஓய்வுபெற்ற நூலகர். நீல நிறத் தாள், நான்கு வரி, முத்து முத்தான எழுத்து. கேள்வி ஒன்றே ஒன்று. போர் சட்டப்படி சரி என்று அரசின் தலைமைச் சட்ட ஆலோசகரான சட்டமா அதிபர் சொன்னதாக வாக்கெடுப்புக்கு முதல் நாள் நாடாளுமன்றத்துக்குக் கொடுத்தது 337 சொல் கொண்ட ஒரு சின்னப் பதில். “வாக்களிக்கும் முன் அவருடைய முழு ஆலோசனையையும் படித்தீர்களா? ஆம், இல்லை என்று எழுதினால் போதும்.”

தென்னை மரம் போனது. இரண்டு வாரத்தில் நீலத் தாள் திரும்பி வந்தது: கடிதம் கிடைத்தது, நன்றி, என் கேள்விக்கு விடை அதில் இல்லை. மறுபடி தென்னை. மறுபடி நீலத் தாள். கோபமான வார்த்தை ஒன்றுகூடக் கிடையாது. மூன்றாவது தரம் நான் துணிந்து ஒரு வரைவு எழுதினேன். ‘இல்லை, முழு ஆலோசனையை நான் படிக்கவில்லை, அது உறுப்பினர்களுக்குத் தரப்படவில்லை.’ வெள்ளிக்கிழமைக் கட்டில் நடுவில் செருகி வைத்தேன். எம்பி அதில் நின்றார். கொஞ்ச நேரம் பார்த்தார். என் வரியை வெட்டிவிட்டு மேலே எழுதினார்: ‘எல்லா உறுப்பினர்களுக்கும் கிடைத்த தகவலே எனக்கும் கிடைத்தது.’

“இது உண்மைதானே?” என்று என்னிடம் கேட்டார்.

“உண்மைதான்.”

அவரை மோசமான ஆள் என்று சொல்லமாட்டேன். எங்கள் சனத்தின் அகதி வழக்குகளுக்காக இரவு பத்து மணிக்கும் அமைச்சருக்குத் தொலைபேசி எடுத்தவர். ‘இல்லை’ என்ற ஒரு சொல் மட்டும் அவர் பேனையில் வரவில்லை. நானாக இருந்தால் வந்திருக்குமா என்று தெரியாது.

அந்த நாட்களில் ஒரு மாலை, கணவரின் விசாவுக்காக வந்த ஒரு அம்மா என் மேசையிலிருந்த கடிதக் குவியலைப் பார்த்து என்னவென்று கேட்டார். சொன்னேன். மேலே கிடந்த ஒன்றை உற்றுப் பார்த்தார். “எல்லாரும் பேர் விலாசம் எல்லாம் போட்டே எழுதியிருக்கினம்? பயமில்லையோ தம்பி இவையளுக்கு?” விலாசம் இல்லாவிட்டால் பதில் வராது அம்மா, அதுதான் இங்கத்தைச் சட்டம் என்றேன். சிரித்தார். வலது மூலையில் விலாசம் எழுதிய கடிதங்களை அதுவரை நான் வெறும் வேலையாகத்தான் பார்த்திருந்தேன்.

2004இல் தன்னார்வலர்கள் சிலர் ‘தே வொர்க் ஃபார் யூ’ என்ற இணையதளத்தைத் தொடங்கினார்கள். உங்கள் விலாசக் குறியீட்டைப் போட்டால் உங்கள் எம்பி என்ன பேசினார், எப்படி வாக்களித்தார் என்று வந்துவிடும். சேர்ஜரிக்கு வருகிறவர்கள் அதை அச்சடித்துக் கொண்டுவரத் தொடங்கினார்கள். குப்பைத் தொட்டி பற்றிப் புகார் சொல்ல வந்தவர்கூடப் போகிற போக்கில் மார்ச் 18ஐக் கேட்டுவிட்டுப் போனார்.

2005 தேர்தலுக்கு ஒரு வாரம் இருந்தபோது, ஏப்ரல் 28ஆம் தேதி, அந்த முழு ஆலோசனை வெளியே வந்தது. 2003 மார்ச் 7ஆம் தேதி எழுதியது, 13 பக்கம். இன்னொரு ஐநா தீர்மானம் பெறுவதே பாதுகாப்பான வழி என்று அதில் இருந்தது. 337 சொல்லில் அந்தத் தயக்கத்தின் வாடையே இல்லை. நீலத் தாள் வந்தது: “இப்போது நான் படித்துவிட்டேன். நீங்கள்?” பிரசார அவசரத்தில் அதற்குத் தென்னைகூடப் போகவில்லை. வந்து சேர்ந்தது என்று ஓர் அட்டை அனுப்பினேன்.

மே 5ஆம் தேதி இரவு, எங்கள் தொகுதி வாக்கு எண்ணும் விளையாட்டு அரங்கின் மூலையில் இருந்த தொலைக்காட்சியில் பிளேயரின் செட்ஜ்ஃபீல்ட் தொகுதியைப் பார்த்தோம். ரெக் கீஸ் என்பவர் சுயேச்சையாக நின்றிருந்தார். அவருடைய மகன் டொம் ராணுவப் பொலிஸ்காரர்; 2003 ஜூன் 24ஆம் தேதி ஈராக்கின் மஜார் அல்-கபீரில் கொல்லப்பட்ட ஆறு பேரில் ஒருவர். கீஸ் பெற்ற வாக்குகள் 4,252. வென்ற பிளேயருக்கு 24,000க்கு மேல். ஆனால் இந்த நாட்டு வழக்கப்படி, முடிவு அறிவிக்கும்போது எல்லா வேட்பாளர்களும் ஒரே மேடையில் நிற்க வேண்டும், தோற்றவரும் பேசலாம். தகப்பன் பேசினார். பிரதமர் ஒரு நாள் மன்னிப்புக் கேட்பார் என்று நம்புவதாகச் சொன்னார். பிளேயர் பின்னால் நின்றார். இமைத்தார், கீழே பார்த்தார், நகர முடியவில்லை. எங்கள் அரங்கில் கட்சிக்காரர் ஒருவரும் பேசவில்லை. நாடாளுமன்றத்தில் அரசுக்கு 160க்கு மேல் இருந்த பெரும்பான்மை அன்று 66க்கு வந்தது. எங்கள் எம்பி தப்பினார், வாக்கு வித்தியாசம் சரிந்து.

2008இல் வேலையை விட்டேன். மறு வருடம் ஏப்ரலில் நானே நாடாளுமன்றச் சதுக்கத்தில் நின்றேன், வன்னிக்காக. எங்கள் சனத்துக்குப் பக்கத்திலேயே பிரையன் ஹாவின் கூடாரம். ஈராக் மீதான பொருளாதாரத் தடையை எதிர்த்து 2001 ஜூனில் அங்கே உட்கார்ந்த மனிதர், போரும் வந்து இன்னும் எழும்பவில்லை. பொலிஸ் ஒரு தரம் அவருடைய பதாகைகளில் பெரும்பகுதியை அள்ளிக்கொண்டு போனதும் உண்டு. என் சொந்தத் தொகுதி எம்பிக்கும் கடிதம் எழுதினேன், வலது மூலையில் விலாசம் போட்டு. கேள்வி ஒன்றே ஒன்று. மூன்று வாரத்தில் பதில் வந்தது. மிகுந்த அக்கறையோடு கவனித்து வருகிறாராம். பத்திகள் மாறும் இடங்களில் எழுத்தின் அளவுகூடக் கொஞ்சம் வித்தியாசப்பட்டிருந்தது. ஒட்டியவர் புதுசு போல. அந்தக் கடிதத்தை நான் கிழிக்கவில்லை. சிவப்புப் பேனையால் கோடு மட்டும் போட்டேன்.

2013 ஓகஸ்டில் சிரியா மீது தாக்குவதற்கு அரசு பொதுச்சபையின் சம்மதத்தைக் கேட்டது. உளவுத்துறை என்ன சொல்கிறது, சட்டம் என்ன சொல்கிறது என்று உறுப்பினர்கள் முதலிலேயே கேட்டார்கள். விவாத நாளன்று இரண்டையும் அரசு வெளியிட்டது, சட்ட நிலைப்பாட்டைச் சுருக்கமாக என்றாலும். 285க்கு 272 என்று அரசு தோற்றது. பேசியவர்களில் பலர் ஈராக்கைச் சொல்லாமல் உட்காரவில்லை. பழைய மேலாளர் அன்றிரவு தொலைபேசி எடுத்து, “உன் நீலத் தாள் நூலகரின் கேள்விதான் இன்றைக்குச் சபையில் பேசியது” என்றார்.

ஈராக் போரைப் பற்றிய சில்கொட் விசாரணை அறிக்கை 2016 ஜூலை 6ஆம் தேதி வந்தது. விசாரணை தொடங்கி ஏழு வருடம், 12 பாகம், 26 இலட்சம் சொல். அறிக்கை தாமதமானபோது, இறந்த படையினரின் குடும்பங்கள் நீதிமன்றம் போவோம் என்று மிரட்டிய பிறகுதான் தேதி நெருங்கியது என்பது என் எண்ணம். அன்று காலை சேர் ஜோன் சில்கொட் வாசித்ததை நேரலையில் கேட்டேன். அமைதி வழிகள் தீரும் முன்னரே போருக்குப் போனோம் என்றார். 2009 ஜூலை வரை குறைந்தது ஒன்றரை இலட்சம் ஈராக்கியர்கள் இறந்தார்கள், பெரும்பாலோர் பொதுமக்கள் என்றார். சட்ட அடிப்படை இருப்பதாக முடிவெடுத்த விதம் திருப்திக்கு வெகு தூரம் என்றார். பிற்பகலில் பிளேயர் பேசினார்: வருத்தம், மன்னிப்பு, ஆனால் அதே நிலையில் நின்றால் அதே முடிவைத்தான் எடுப்பேன். மாடு கட்டப்பட்ட இடத்தை நான் கவனித்தேன்.

அன்றிரவு சுருக்கத்தை இறக்கி, சட்ட ஆலோசனைப் பகுதியைத்தான் முதலில் தேடிப் படித்தேன். நூலகர் அதற்குள் வாசித்து முடித்திருப்பார், உயிரோடு இருந்தால். பழைய அலுவலகத்தின் கணினியில் அவர் பெயரில் ஆறு எண்கள் இருந்தன. ஆறுக்கும் எதிரே ‘முடிந்தது’ என்று போட்டவன் நான்தான்.