ஈ. கோலையின் 46 லட்சம் எழுத்துகளும் மூன்றின் தாளமும்

டி.என்.ஏ. வரிசையை ஏ, சி, ஜி, டி என்ற நான்கே எழுத்தில் எழுதிய ஒரு நீண்ட உரையாக வைத்துக்கொண்டு, ஓர் எழுத்து சராசரியாக எத்தனை பிட் தகவல் தருகிறது என்று அளக்க கிளாட் ஷானன் 1948இல் தந்த என்ட்ரோபி சூத்திரத்தை அதன்மேல் ஓட்டிப் பார்க்க ரொம்ப நாளாக ஆசை. பழைய மடிக்கணினி, பைத்தான், என்.சி.பி.ஐ. என்ற அமெரிக்க மரபணுத் தரவுத் தளத்தில் இலவசமாகக் கிடைக்கும் ஃபாஸ்டா கோப்புகள் (வரிசையை வெறும் எழுத்துகளாகத் தருபவை), இவ்வளவே போதும். கோப்பின் தலைப்பு வரியையும் வரிமுறிவுகளையும் முதலிலேயே நீக்கிவிட வேண்டும். இல்லாவிட்டால் அவையும் எழுத்தாக எண்ணப்படும்.

நான்கு எழுத்தும் சரிசமமாக வந்தால் எழுத்துக்கு 2 பிட். அதுதான் உச்சம். ஈ. கோலை கே-12 பாக்டீரியாவின் 46,41,652 எழுத்துகளுக்கு வந்த விடை 1.9998. மலேரியா ஒட்டுண்ணியான பிளாஸ்மோடியம் ஃபால்சிபாரத்தில் ஏ, டி இரண்டும் சேர்ந்தே 80 சதவீதம் என்பதால் 1.71 வரை இறங்குகிறது. பார்க்க நன்றாகத்தான் இருக்கிறது, ஆனால் எழுத்துகளின் விகிதத்தைத் தவிர இந்த எண்ணில் ஒன்றுமில்லை. ஈ. கோலையின் எழுத்துகளைக் கன்னாபின்னாவென்று கலைத்துப் போட்டாலும் அதே 1.9998தான்.

சரி, சுருக்கியாவது பார்ப்போம் என்று, கோப்புகளைச் சுருக்கும் ஜிஸிப் நிரலிடம் ஈ. கோலையைக் கொடுத்தேன். எழுத்துக்கு 2.2 பிட்டுக்கு மேல் எடுத்துக்கொண்டது! ஓர் எழுத்துக்கு இரண்டு பிட் என்று கண்ணை மூடிக்கொண்டு ஒதுக்கினாலே இதைவிடச் சிறிதாகிவிடும். ஜிஸிப் தேடுவது சற்று முன்னால் அப்படியே வந்துபோன துண்டுகளை. பாக்டீரியாவில் அப்படிப்பட்டவை குறைவு. எதிர் இழையில் தலைகீழாக, இணை எழுத்துகளாக மாறி வரும் துண்டு அதன் கண்ணுக்கே படாது. டி.என்.ஏ.வுக்கென்று தனிச் சுருக்கு நிரல்கள் எழுதப்பட்டதில் ஆச்சரியமில்லை.

அப்புறம், ஒவ்வோர் எழுத்தாக இல்லாமல் நீளமான துண்டுகளாக, ‘சொற்களாக’ எண்ணி என்ட்ரோபி பார்க்கும்போது ஒரு பொறி இருக்கிறது. 1977இல் சாங்கர் குழு படித்து முடித்த ஃபை-எக்ஸ் 174 வைரஸில் 5,386 எழுத்துகள். பத்தெழுத்துச் சொற்கள் மொத்தம் 10,48,576 சாத்தியம். இருக்கும் இடமோ ஐயாயிரத்துச் சொச்சம். ஒவ்வோர் இடத்திலும் வெவ்வேறு சொல் வந்தாலும் எழுத்துக்கு 1.24 பிட்டைத் தாண்ட முடியாது. அதைப் பார்த்து ‘ஆகா, ஒழுங்கு!’ என்று குதிக்க வேண்டியதில்லை. கலைத்த வரிசையும் ஏறக்குறைய அதையேதான் தரும். அதனால் எந்தக் கணக்கையும் கலைத்த வரிசையோடு சேர்த்தே ஓட்டுகிறேன்.

உண்மையில் ருசி தட்டியது பரஸ்பரத் தகவலில். ஓர் எழுத்து தெரிந்தால், சில இடங்கள் தள்ளி நிற்கும் எழுத்தைப் பற்றி எத்தனை பிட் தெரியவரும் என்பதே கேள்வி. தூரத்தை 1, 2, 3 என்று கூட்டிக்கொண்டே போய் வரைபடம் போட்டால் ஈ. கோலைக்கு ரம்பப் பல் மாதிரி வருகிறது: 3, 6, 9, 12 என்று மூன்றின் மடங்குகளில் மேடு, இடையில் பள்ளம். தூரம் கூடினாலும் அந்தப் பல் சட்டென்று மழுங்குவதில்லை. கலைத்த வரிசையில் பல்லே இல்லை. எழுத்துகளின் எண்ணிக்கை வரம்புக்கு உட்பட்டது என்பதால் மட்டும் வரும் சிறு அளவை, ஒரு பிட்டின் 10 லட்சத்தில் 1.4 பங்கை, ஒட்டிக் கிடக்கிறது.

காரணம் கோடான் எனும் மூன்றெழுத்துக் குறியீடு. மூன்று எழுத்துக்கு ஓர் அமினோ அமிலம்; ஈ. கோலையின் முழு டி.என்.ஏ.வில் (ஜீனோமில்) ஏறத்தாழ 88 சதவீதம் புரதத்துக்கான குறியீடு. கோடானின் முதல் இடத்தில் ஜி தூக்கல், இரண்டாம் இடத்தில் ஏ, டி தூக்கல். எந்த மரபணு எங்கே தொடங்குகிறது என்று நிரலுக்கு நான் சொல்லவே இல்லை. எழுத்துகளை எண்ணியே மூன்றைக் கண்டுபிடித்துவிட்டதே, அந்த வரைபடம் ஒன்றுக்காகவே இவ்வளவு மெனக்கெடலாம்.

அடுத்தது மனிதனின் 21ஆம் குரோமோசோம். அங்கே புரதப் பகுதி சொற்பம், பல் தெரிவதே சந்தேகம். அதைவிடத் தொல்லை, படிக்கப்படாத இடங்களை நிரப்பியிருக்கும் நீளமான ‘என்’ வரிசைகள். அவற்றை வெட்டிவிட்டு இருபுறத்தையும் ஒட்டினால் தூரக் கணக்கு பிசகும். ஆகவே ‘என்’ இருக்கும் ஜோடியை மட்டும் தாண்டிப் போகும்படி நிரலை மாற்றிக்கொண்டிருக்கிறேன்.